ஆகாயத்தில் கட்டுச்சோறு

வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் வீடுகளில், கிளம்புவதற்கு முந்தைய வாரத்துப் பேச்சு டிக்கெட்டில் தொடங்கினாலும் சமையலறையில்தான் போய் நிற்கும். கூடிப் பேசும் சிநேகிதிகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். “ஊறுகாயைப் பார்த்தாலே எடுத்துப் போட்டுடுவான்டி” என்பாள் ஒருத்தி. “எங்க அக்கா ரெண்டு கிலோ ஆவக்காய் கொண்டுபோனா, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே” என்பாள் இன்னொருத்தி. “தேங்காய் கூடாதாமே?” “கறிவேப்பிலைக்கு அபராதமாமே?” என்று பேச்சு வளரும். இதில் பொய் என்று எதுவும் இல்லை. ஒருத்தி கைப்பையைப் பற்றிச் சொல்கிறாள், இன்னொருத்தி பெட்டியைப் பற்றி. ஒருத்தி சிங்கப்பூர் போய் வந்தவள், மற்றவள் டல்லாஸ் போனவள். பையும் ஊரும் மாறினால் விதியும் மாறிவிடும்.

இந்தக் குழப்பம் தீர ஒரே ஒரு பாகுபாடு போதும். வழியில் சாப்பிடும் சாப்பாடு வேறு, போய்ச் சேர வேண்டிய சாமான் வேறு. முதலாவதைத் தீர்மானிப்பவை காற்றும் நேரமும் பாதுகாப்புச் சோதனையும். இரண்டாவதைத் தீர்மானிப்பது இறங்கும் நாட்டின் சட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதலில் காற்று. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அந்த உயரத்துக்குரியது அல்ல. அழுத்தம் ஏற்றி, 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. ஆக, சென்னையில் தரையை விட்டு எழும்பிய அரை மணிக்குள் நம் உடம்பு கொடைக்கானலுக்குப் போய்விடுகிறது. ஆனால் கொடைக்கானலின் குளிர்ந்த ஈரம் அங்கே இல்லை. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கின் உட்புறம் உலர்ந்துபோகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணம்தான். ஜலதோஷம் பிடித்தால் ரசம்கூடச் சப்பென்று இருப்பது அதனால்தானே. விமானத்தில் எல்லோருக்கும் லேசான ஜலதோஷம் பிடித்த நிலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் மியூனிக் அருகே ஹோல்ஸ்கிர்ஹென் என்ற ஊரில் உள்ள ஃப்ரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில், லுஃப்தான்சா நிறுவனத்துக்காக இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய ஏர்பஸ் ஏ310 விமானத்தின் ஒரு பகுதியைக் குறைந்த அழுத்தமுள்ள கூடத்துக்குள் வைத்து, ஆட்களை உள்ளே உட்கார்த்திச் சாப்பாடு பரிமாறினார்கள். உப்பும் இனிப்பும் தரையில் இருப்பதைவிடக் கணிசமாக மங்கித் தெரிந்தன. புளிப்பும் கசப்பும் அந்த அளவுக்கு மங்கவில்லை. சத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. விமானத்துக்குள் இடைவிடாமல் கேட்கும் இரைச்சல் ஏறக்குறைய 85 டெசிபெல். அந்த அளவு இரைச்சலைக் காதில் கொடுத்து ருசி பார்க்கச் சொன்ன கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் வெளியானது. இரைச்சலில் இனிப்பு குறைந்தும், தக்காளி, காளான் போன்றவற்றில் இருக்கும் உமாமி என்ற ருசி கூடியும் தெரிந்தது. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள்கூட விமானத்தில் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இதுதான் காரணம் என்கிறார்கள்.

இதை நம் சமையலோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்குகிறது. உப்பையும் இனிப்பையும் நம்பி நிற்கும் உணவு மேலே போனால் களையிழக்கும். புளியை நம்பி நிற்கும் உணவு தாக்குப்பிடிக்கும். மிளகாயின் காரம் நாக்கின் சுவை மொட்டுகளில் உணரப்படுவதில்லை. அது சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்புகளைத் தொடுகிறது. எனவே மூக்கு உலர்ந்தாலும் காரம் காரம்தான். புளியோதரை, வத்தக்குழம்புச் சாதம், தக்காளித் தொக்கு தடவிய சப்பாத்தி, எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியில் புரட்டிய இட்லி எல்லாமே அந்த உயரத்தில் ருசிக்கும். இந்த ஊர்ச் சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இது பெருமைக்குரிய செய்தியாகவே தோன்றுகிறது. ரயிலுக்கும் மாட்டுவண்டிக்கும் கட்டிக்கொடுத்த அதே சாப்பாடு, யாரும் திட்டமிடாமலே ஆகாயத்துக்கும் பொருந்திவிட்டது.

காபிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. விமானத்துக் காபியும் டீயும் சாரமில்லாமல் இருப்பதற்குப் பணிப்பெண்கள் காரணமல்ல.

விமான நிறுவனம் தரும் சாப்பாடு தரையில் சமைத்து, சட்டென்று 5 டிகிரிக்கும் கீழே குளிரூட்டி, மேலே கொண்டுபோய்ச் சூடான காற்றடிக்கும் அடுப்பில் மறுபடி சூடாக்கப்படுவது. குழம்பில் ஊறிய பண்டங்கள் இதைத் தாங்கும், தோசை தாங்காது. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்தவுடன் பதிவு செய்துவிடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் முன்பாகவாவது சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கின்றன. ‘ஏவிஎம்எல்’ என்பது இந்திய முறைச் சைவம். ‘இந்து மீல்’ என்று போட்டிருக்கும் ‘ஹெச்என்எம்எல்’ சைவமல்ல. மாட்டிறைச்சி இல்லாத, ஆனால் கோழியோ ஆடோ மீனோ வரக்கூடிய சாப்பாடு. பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பசியோடு போன பெரியவர்கள் பலர்.

இனி நேரம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணிப் பயணம்தான். லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். அமெரிக்கா என்றால் இடையில் இறங்கி மாறுவதையும் வீட்டை விட்டுக் கிளம்பியதையும் சேர்த்து ஒரு முழு நாளைத் தாண்டும். விடியற்காலை மூன்று மணி விமானத்துக்கு முந்தைய நாள் மாலையே சமைத்துவிடுவோம். அந்தச் சாப்பாடு இரவு முழுக்கக் கைப்பையில் இருக்கும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும்.

சாதம் பார்வைக்குச் சாதுவாக இருக்கும், ஆனால் கெடுவதில் வேகமானது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. வெந்த சாதம் வெதுவெதுப்பாக, ஈரமாக, மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூட்டோடு சாதத்தை டப்பாவில் அடைத்து மூடுவதைப் போலக் கெடுதலான காரியம் வேறில்லை.

புளியோதரைக்குச் சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, பருக்கை பருக்கையாக ஆறவிடச் சொல்கிற பாட்டிமார்கள் சாதம் குழையக் கூடாது என்றுதான் காரணம் சொல்வார்கள். அதற்குள் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பரப்பினால் சீக்கிரம் ஆறும். மேல் ஈரமும் வற்றும். பிறகு அதில் சேரும் புளிக்காய்ச்சலைப் பாருங்கள். கெட்டியாகக் கரைத்த புளி, பச்சை வாசனை போய், தண்ணீர் சுண்டி, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை கொதிக்கிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கொதிக்கும்போது ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் போகப் போக அடர்ந்துகொண்டே வரும். அமிலம் ஏறிய சாதத்தில் அந்த நுண்ணுயிரி வளரத் திணறும். ஜப்பானியர்கள் சுஷிக்கான சாதத்தில் வினிகர் கலப்பதும் இதே தத்துவம்தான். உப்பும் பெருங்காயமும் வறுத்த வெந்தயமும் துணைக்கு வருகின்றன. நல்லெண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் செசமால் போன்ற பொருள்கள் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கின்றன. கடலை எண்ணெயில் செய்தாலும் ருசிக்கும், ஆனால் அவ்வளவு நாள் நிற்காது.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. புளி கம்மியாகப் போட்ட புளியோதரை பெயருக்குத்தான் புளியோதரை, பயணத்துக்கு ஆகாது. எலுமிச்சைச் சாதம் அரை நாளுக்குச் சரி. தேங்காய்ச் சாதமும் தேங்காய்ச் சட்னியும் வேண்டவே வேண்டாம். வெங்காயம் வதக்கிப் போட்ட எதையும் முதல் வேளையிலேயே தின்றுவிடுங்கள். உருளைக்கிழங்குப் பொரியலை வைத்துக் கட்டினால் அதுதான் முதலில் நூல்விடும்.

தயிர்ச்சாதத்துக்கு நம் வீடுகளில் ஒரு பக்குவம் உண்டு. சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டுப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கலப்பார்கள். கட்டும்போது அது பால்சாதம், சாப்பிடும்போது தயிர்ச்சாதம். இடைப்பட்ட மணிகளில் தயிரின் நல்ல நுண்ணுயிரிகள் பாலைப் புளிக்கவைத்து, அந்த இடத்தைத் தாங்களே பிடித்துக்கொள்கின்றன. ஆனால் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் இதை நம்பாதீர்கள். கெட்டியாகவும் இருக்க வேண்டும். தளரப் பிசைந்தால் பாதுகாப்புச் சோதனையில் அதைத் திரவமாக எண்ணி நிறுத்திவிடலாம்.

அந்தத் திரவ விதி 2006இல் வந்தது. லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்டதைத் தொடர்ந்து, கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்றாயிற்று. பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் செல்லாது. திரவம் என்றால் தண்ணீர் மட்டுமல்ல. ஊற்ற முடிந்ததும் தடவ முடிந்ததும் அதில் சேரும். சாம்பார், சட்னி, நெய், தொக்கு, ஊறுகாய், தயிர் எல்லாம் திரவமே. இட்லி, சப்பாத்தி, புளியோதரை, முறுக்கு இவை திடப்பொருள், தடையில்லை. கைக்குழந்தையின் பாலுக்கும் கஞ்சிக்கும், வழிக்குத் தேவையான அளவு, விலக்கு உண்டு. சில விமான நிலையங்களில் புதிய ஸ்கேன் கருவிகள் வந்து விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் நடுவில் மாறும் ஊரில் பழைய விதி இருந்தால் அங்கே மறுபடி சோதிப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பொடி விஷயத்தில் அமெரிக்கா தனி. 2018 ஜூன் 30 முதல், அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். தீராத சந்தேகம் என்றால் விடமாட்டார்கள். பெரிய டம்ளர் ஒன்றரை கொள்ளும் அளவு அது. பருப்புப் பொடி, சாம்பார் பொடி, முக்கியமாக மிளகாய்ப் பொடி ஆகியவற்றைப் பெட்டியில் போட்டுவிடுவதே நிம்மதி.

பெட்டியில் போட்ட ஊறுகாய் ஏன் ஒழுகுகிறது? மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுகிறதே என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் அதிகம். சாமான் அறையும் பயணிகள் இடத்தைப் போலவே அழுத்தம் குறைந்ததுதான். சென்னையில் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று, மேலே போனதும் மூன்றில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும். பெட்டி தலைகீழாகக் கிடந்தால் அந்தக் காற்று அடியில் நின்று எண்ணெயை மூடியின் மரை வழியாக வெளியே தள்ளும். அரை பாட்டில் ஊறுகாய் என்றால் தள்ளும் காற்றும் அரை பாட்டில். கழுத்துவரை நிரப்பினால் தள்ளுவதற்குக் காற்றே இருக்காது. வாய்க்கும் மூடிக்கும் நடுவே பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கி, கெட்டியான உறை இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கட்டுங்கள். எண்ணெயை வடித்துவிட்டு ஊறுகாயை மட்டும் கொண்டுபோய், அங்கே எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொள்வது இன்னும் நல்லது. முறுக்குப் பொட்டலம் உப்பி நிற்பதும், சுண்டல் தின்றவருக்கு விமானத்தில் வயிறு உப்புவதும் இதே காற்றின் வேலை.

கொப்பரையைப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. எண்ணெய் மிகுந்த உலர்ந்த தேங்காய் காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் தன்மையுடையது என்று உலக விமான விதிகள் அதை ஆபத்தான சரக்கில் சேர்த்திருக்கின்றன. முழுத் தேங்காயைக் கையில் கொண்டுபோவதற்கும் நம் நாட்டில் பொதுவாகத் தடைதான். சபரிமலை பக்தர்களின் இருமுடிக்காக 2024 அக்டோபரில் தற்காலிகமாகத் தளர்த்தி, 2025 ஜனவரி 20 வரை கைப்பையில் அனுமதித்தார்கள்.

இனிமேல் சொல்வது இறங்கும் நாட்டைப் பற்றியது. அங்கே சட்டம் கடுமையாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். அது எலுமிச்சை, ஆரஞ்சு இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற மிகச் சிறிய பூச்சி அதன் தளிரில் முட்டையிட்டு வளரும். அந்தப் பூச்சி பரப்பும் நோய் ஆரஞ்சு மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும், மருந்து கிடையாது. ஃபுளோரிடாவில் பூச்சி 1998இலும் நோய் 2005இலும் கண்டுபிடிக்கப்பட்டன. அதன்பின் அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் பழைய அளவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. நம் வீட்டுக் கொல்லையில் பறித்து, ஈரத்துணியில் சுற்றி அன்போடு வைத்த ஒரு கொத்து, அங்கே ஒரு தோட்டக்காரரின் பிழைப்பைத் தொடக்கூடும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பச்சைக் கறிவேப்பிலைக்குத் தடை. அரிசிக்கும் இப்படித்தான். இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கப்ரா வண்டு தானியங்களில் இருக்கும். அதன் புழு ஆண்டுக்கணக்கில் இரையில்லாமலே உயிரோடு கிடக்கும். அதனால் அந்த வண்டு இருக்கும் நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்காவில் அனுமதியில்லை. பொன்னி அரிசியும் இட்லி அரிசியும் அங்கேயே கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியின் எடையை அதில் செலவழிக்க வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறவர்கள் கறியும் பாலும் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். நெய், பால்கோவா, கோழி ஊறுகாய் எல்லாம் அதில் அடங்கும். ஆஸ்திரேலியாவிலும் பால் பண்டங்களுக்குக் கெடுபிடி அதிகம். காரணம் மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கசகசா. நம் கடைகளில் பத்து ரூபாய்ப் பொட்டலமாகக் கிடைக்கும் அதை, குருமாவுக்கு அரைக்கிற நமக்குப் போதைப்பொருளோடு தொடர்புபடுத்தத் தோன்றாது. ஆனால் அது அபின் செடியின் விதை. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். பிடிபட்டால் எடுத்து எறிந்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம்; வழக்கும் சிறையும் வரும் காரியம். துபாய்க்குப் போகும் மகனுக்கு மசாலா அரைத்துக் கொடுக்கும் அம்மாக்கள், வேறெதை மறந்தாலும் கசகசாவைச் சேர்க்காமல் அரையுங்கள். அடுத்த வீட்டார் “எங்க பையனுக்கு இதைக் கொடுத்துடுங்க” என்று நீட்டும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வழிக்குக் கட்டியதில் மிச்சமிருந்தால் இறங்குவதற்கு முன் பணிப்பெண்ணிடம் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள். வாழையிலையில் கட்டியிருந்தால் இலையையும் சேர்த்து. பெட்டியில் இருப்பதைப் பற்றிக் கேட்டால் ‘உணவு இருக்கிறது’ என்றே சொல்லுங்கள், படிவம் தந்தால் ‘ஆம்’ என்று குறியிடுங்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், உணவு இருப்பதாகச் சொன்னவரின் பெட்டியில் கூடாத பண்டம் இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் மறைத்தவருக்குத்தான் அபராதம். அமெரிக்காவில் முதல் தடவைக்கே அது 1,000 டாலர் வரை போகலாம். ஆங்கிலம் தயங்கும் பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால், பெட்டியில் உள்ள உணவுப் பண்டங்களின் பெயரை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொடுத்தனுப்புங்கள். கேட்கும் அதிகாரியிடம் அதை நீட்டினால் போதும்.